மூன்று வறண்ட ஏரிகள்

2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை, காலை 5.30 மணிக்கு ‘ஏழரண்’ அட்டை விளையாட்டின் 14.2 ஆம் விதித்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அன்று திருவண்ணாமலையில் பௌர்ணமி.

கனகலதா ஐந்தரைக்கே அதைத் திறந்துவிட்டாள். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு விதிகள். முதல் பத்தியை அவள் எப்போதும் தாவிவிடுவாள். ‘எங்கள் அன்பு வீரர்களின் குரலுக்குச் செவிசாய்த்து, ஆட்டத்தின் சமநிலையைக் காக்கும் நோக்கில்’ என்று அது தொடங்கும். மூன்று வருடமாக அந்த வாக்கியம் மாறவில்லை. அந்த விளையாட்டில் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

ஏழரண் செல்போனில் ஆடுவது. ஆளுக்கு ஏழு கோட்டை, ‘டெக்’ எனப்படும் நாற்பது அட்டைக் கட்டு. எதிராளியின் கோட்டைகள் ஏழையும் இடித்தால் வெற்றி. அவருடைய கையிருப்பு அட்டைகள் தீர்ந்துபோனாலும் வெற்றி. அட்டைகளைச் சேர்க்க வேண்டும். அதற்கு மாதாமாதம் புதுப் பொட்டலம் விற்பனைக்கு வரும். பொட்டலம் வருகிற நாளிலேயே விதியும் மாறும். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நம்புகிறவர்கள் லட்சக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் விதியைப் படிக்கிறவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம் என்பது கனகலதாவின் கணிப்பு. மற்றவர்கள், யாராவது வீடியோ போட்டு விளக்குவார்கள் என்று வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பவர்கள்.

கனகலதாவுக்கு நாற்பத்தொரு வயது. திருமஞ்சன கோபுரத் தெருவில் நாற்பத்தெட்டு அறைகள் கொண்ட விசாகம் லாட்ஜில் ஒன்பது வருடமாக ரிசப்ஷன் வேலை. வருகிறவர்களின் ஆதாரைப் பார்த்து எழுதிக்கொள்வது, சாவி கொடுப்பது, வெந்நீர் எத்தனை மணிக்கு என்று ஒரு நாளைக்கு அறுபது முறை சொல்வது. சுவரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ‘வெந்நீர் காலை 5 முதல் 8 வரை’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் கேட்பார்கள். எழுதிவைத்ததை மனிதர்கள் படிப்பதில்லை என்ற முடிவுக்கு அவள் ஏழரணில் வரவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே வந்தாள்.

விளையாட்டில் அவள் பெயர் கனலி. அது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கணவன் தரணேந்திரன் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியர். அவருக்கு அது சீட்டாட்டம், சூது. “பந்தயம் எதுவும் இல்லைங்க” என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவை சொல்லவில்லை.

வறண்ட ஏரி என்று ஓர் அட்டை உண்டு. பலம் பூஜ்யம். விளையாட்டில் சேரும்போது எல்லோருக்கும் மூன்று இலவசமாகக் கிடைக்கும். எல்லோரும் முதல் வாரத்திலேயே குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்கள். அதைக் கோட்டைக்கு முன்னால் வைத்தால், வருகிற படை ஒரு முறை நின்றுவிட்டுத்தான் கடக்கலாம். அவ்வளவுதான் அதன் வேலை. போன வருடம் கனகலதா மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். யானைப்படை மூன்று முறை நின்றது. நிற்கிற யானை சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் தன் சொந்தக்காரரின் கையிருப்பிலிருந்து ஓர் அட்டையைத் தின்னும். அது யானை அட்டையிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. யானையை ஆசை ஆசையாக வாங்கினவர்கள் அந்த வரிக்கு வந்திருக்கவில்லை. கனகலதா ஒரு சிப்பாயைக்கூட வெட்டாமல் வரிசையாக அறுபத்தோரு ஆட்டம் ஜெயித்தாள். எதிராளிகள் யானைகளோடு நின்றபடியே தீர்ந்துபோனார்கள்.

யாருடைய பழைய ஆட்டத்தையும் யாரும் பார்க்கலாம். தேரடித் தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரகாஷ் பார்த்தான். அவனுக்கு ‘அரண் அண்ணா’ என்று ஒரு யூடியூப் சானல். ‘என் மூளையில் உதித்த அகிம்சை டெக்!’ என்று வீடியோ போட்டான். “நம்ம ஜில்லா சமண மண்ணு மக்களே, ஒரு உசுரு போகாம ஜெயிக்கற டெக் இங்கதான் பொறக்கும்” என்று அதில் கண்ணை மூடிக்கொண்டு பேசினான். கனகலதா பிறந்ததே சமணக் குடும்பத்தில். மாமனார் ஊரில் ஜினாலயம் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அவள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அவளுக்கே அந்த டெக்கில் அகிம்சை எதுவும் தட்டுப்பட்டதில்லை. எதிராளியின் யானைகளைக் கொண்டே அவனைப் பட்டினி போடுவதற்கு அவளிடம் வேறு பெயர்கள் இருந்தன.

வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு முறை எழுதினாள்: ‘இது கனலி ஆடிய முறை. ஆகஸ்ட் 9 ஆட்டத்தைப் பாருங்கள்.’ பிரகாஷ் பதில் போட்டான்: ‘கனலி தம்பி, அண்ணன்கிட்ட கத்துக்கினு அண்ணனுக்கே கிளாஸா?’ அந்தப் பதிலுக்கு ஆயிரத்து நூறு பேர் சிரித்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 ஆட்டத்தை எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள் என்பதையும் விளையாட்டு காட்டும். நான்கு பேர்.

பிறகு எல்லோரும் ஏரி வைக்க ஆரம்பித்தார்கள். யானை விற்பனை படுத்தது. சமநிலையைக் காக்கும் நோக்கில் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது: ஒருவர் ஒரு நேரத்தில் ஓர் ஏரிதான் வைக்கலாம். அறிவிப்பின் கடைசியில், இந்த உத்தியைக் கண்டுபிடித்த அரண் அண்ணாவுக்கு நன்றி என்று இருந்தது. கனகலதா அதை இரண்டு முறை படித்தாள். தப்பும் தவறுமான தமிழில் எழுதியிருந்தார்கள்.

இந்த வருடம் தென்மண்டலப் போட்டிக்கு ஒரு புதுப் பரிசு. கடைசி எட்டுப் பேருக்குள் வருபவர்கள் ஆளுக்கு ஓர் அட்டையைத் தேர்ந்துகொள்ளலாம்; அந்த அட்டையின் அடியில் அவர்களுடைய உண்மைப் பெயர் பொறிக்கப்படும். யார் அந்த அட்டையை எடுத்தாலும் பெயர் தெரியும். விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தார்கள். கனகலதா நிரப்பினாள்: ‘வறண்ட ஏரி. த. கனகலதா, திருவண்ணாமலை.’ பிரகாஷ் எந்த அட்டையைக் கேட்டிருக்கிறான் என்பதற்கு விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கும் வீடியோ போட்டிருந்தான். “ஏரியில அண்ணன் பேரு!” என்று தலைப்பு.

கடைசிப் பதினாறில் இருவரும் வந்தார்கள். யார் யாரோடு ஆடுவது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. கனலி, அரண் அண்ணா. திங்கட்கிழமை மாலை நான்கு மணி. பத்து நிமிடத்துக்குள் வராதவர் தோற்றவர். ஜெயிப்பவரின் பெயர் ஏரியில் ஏறும்.

பால் பொங்குவதற்குள் அவள் முப்பத்தொன்றையும் முடித்துவிட்டாள். இரண்டு விதிகள் முக்கியம். பதினெட்டாவது: மூன்று ஏரிகளுக்கும் மறுபடியும் அனுமதி. காரணம் அதற்கு அடுத்ததிலேயே இருந்தது. புதுப் பொட்டலத்தில் ‘மழை’ என்று ஓர் அட்டை வந்திருந்தது. அது வறண்ட ஏரியை நிரப்பும். மழை விற்க வேண்டுமானால் ஏரி இருக்க வேண்டும். அவள் பத்தொன்பதாவது விதியைக் கடைசி வரை படித்தாள். ‘நிரம்பிய ஏரியை இரு தரப்புப் படைகளும் கடக்க இயலாது, படகு உள்ளவர் தவிர.’ அதற்கு ஓர் அடிக்குறிப்பு: படகு அட்டை நவம்பர் பொட்டலத்தில் வெளியாகும். கனகலதா அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

இருபத்தேழாவது விதியையும் படித்தாள். ‘ஒரே இணைய இணைப்பிலிருந்து இருவர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடினால் அது கூட்டுச்சதியாகக் கொள்ளப்படும். ஆட்டம் செல்லாது. இருவரும் நீக்கப்படுவர். மேல்முறையீடு இல்லை.’ அண்ணன் தம்பிகளுக்கும் ஹாஸ்டல் பையன்களுக்குமான விதி. அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பௌர்ணமி அன்று ஊரில் செல்போன் என்ன ஆகும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மதியத்திலிருந்தே பேருந்துகள் ஊருக்கு வெளியே நின்றுவிடும். கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் நடந்தே உள்ளே வரும். வருகிற அத்தனை பேர் கையிலும் போன். திரையில் புள்ளிகள் நிறைந்து நிற்கும், எதுவும் ஓடாது. தரை வழியாகக் கேபிள் இழுத்தவர்கள் பிழைத்தார்கள். விசாகம் லாட்ஜ் இழுத்திருந்தது. கனகலதாவுக்கு அன்று காலையிலிருந்து எந்தக் கவலையும் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

மூன்று இருபதுக்கு பிரகாஷ் உள்ளே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் மூன்று கால் ஸ்டாண்டு, கழுத்தில் ஹெட்போன்.

“அக்கா, ஒரு ஹெல்ப்பு. கெஸ்ட் வைஃபை பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?”

“மாசாமாசம் மாத்தறதுதானே.”

“கொஞ்சம் சொல்லுங்கக்கா. கடையாண்ட தடுப்பு கட்டறேன்னு கம்பம் நட்டு கேபிளை அறுத்துட்டானுங்க. போன்ல புள்ளி ஃபுல்லா நிக்குது, ஒரு எழவும் ஓடல. நாலு மணிக்கு ஒரு மேட்ச் இருக்கு.”

“கிரிக்கெட்டா?”

“அய்ய, அது இல்லக்கா. கார்டு கேம். பெரிய லெவல் டோர்னமென்ட். சொன்னா உங்களுக்குப் புரியாது.”

மாடியிலிருந்து அழுக்கு விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிய ராஜம்மாள் நின்றாள். அறைகளைச் சுத்தம் செய்பவள். கனகலதாவைவிடப் பதினைந்து வயது மூத்தவள்.

“சீட்டாட்டமா? சாமி கும்புட வர்ற எடத்துலயா? நல்லா கீதுப்பா.”

“ஆயா, இது சீட்டு இல்ல. மூளை வெச்சி ஆடறது.”

“மூளை வெச்சி ஆடறவன் இன்னாத்துக்குடா இங்க வந்து கையேந்தற?”

பிரகாஷ் சிரித்து மழுப்பினான். கனகலதா பதிவேட்டில் எதையோ எழுதுவதுபோல் பேனாவை நகர்த்தினாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்கு பத்துக்கு ஏரியில் அவள் பெயர். ஆனால் நாளைக்கே அவன் வீடியோ போடுவான். அது எப்படித் தொடங்கும் என்றுகூட அவளுக்குத் தெரியும். ‘அண்ணனை ஜெயிச்சது கனலி இல்ல மக்களே, கேபிள்!’ ஆயிரத்து நூறு பேர் சிரிப்பார்கள். அட்டையில் அவள் பெயர் இருக்கும். அதை எடுக்கிற ஒவ்வொருவனும் கேபிளை நினைத்துக்கொள்வான். அவன் உட்கார வேண்டும். ஆட வேண்டும். தன் யானைகளோடு நின்றுகொண்டே தீர வேண்டும்.

இருபத்தேழாவது விதி நினைவுக்கு வந்தது. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கவுன்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அது ஆபீஸ். மாடிப்படி வளைவில் இன்னொரு வெள்ளைப் பெட்டி, அது கெஸ்ட். போனில் இரண்டு பெயர்களும் தனித்தனியாகத் தெரியும், பாஸ்வேர்டும் வேறு வேறு. இரண்டு வருடத்துக்கு முன் அவற்றை மாட்டினதே பிரகாஷ்தான். முதலாளி சகாதேவனிடம் இதே இடத்தில் நின்று சொன்னான்: “கெஸ்டுக்குத் தனி லைன், ஆபீசுக்குத் தனி லைன் சார். ஒண்ணு படுத்துக்கினாலும் இன்னொண்ணு நிக்கும்.” மாதாமாதம் இரண்டு லைனுக்கும் ரசீது கொடுப்பதும் அவன்தான், அதைக் கோப்பில் குத்திவைப்பது கனகலதா.

“கெஸ்டு பாஸ்வேர்டுதான் தருவேன். ஆபீஸ் லைனைத் தொடக் கூடாது.”

“தேவையே இல்லக்கா. கெஸ்ட்டே போதும்.”

துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அவன் சோபாவில் உட்கார்ந்து, மேசைமேல் ஸ்டாண்டை நிறுத்தி, போனை மாட்டினான். கவுன்டருக்கும் சோபாவுக்கும் பத்தடி இருக்கும். கனகலதா தன் டேப்லெட்டைப் பதிவேட்டுக்குப் பின்னால் சாய்த்துவைத்தாள். சத்தத்தை அணைத்தாள். ஆபீஸ் லைன்.

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஒரு முறைக்கு எழுபத்தைந்து வினாடி.

“வணக்கம் மக்களே, அரண் அண்ணா பேசறேன்,” என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. பேசும்போது அவன் குரல் கடையில் பேசுகிற குரலைவிட ஒரு படி தடிக்கும். “இன்னைக்கு நம்மகூட ஆடறது கனலி. நம்ம ஏரி டெக்கை அப்படியே காப்பி அடிச்சி பதினாறு வரைக்கும் வந்துட்டான். கோயம்புத்தூர்ப் பையன்னு நெனைக்கறேன். இன்ஜினியரிங் முடிச்சிட்டு வூட்ல சும்மா ஒக்காந்துனு இருப்பான். பாவம், விட்ருவோமா? விட மாட்டோம்!”

கனகலதா முதல் ஏரியை வைத்தாள்.

“பாத்தீங்களா? ஏரி! நான்தான் சொன்னனே!”

அவன் யானையை இறக்கினான். அவள் இரண்டாவது ஏரியை வைத்தாள். அவன் இன்னொரு யானை. நெற்றி நிறைய விபூதியோடு நெல்லூர்க்காரர் ஒருவர் கவுன்டரில் கையூன்றி நின்றார்.

“அம்மா, ஹாட் வாட்டர் டைம்?”

கனகலதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பலகையைக் கை காட்டினாள். அவர் பலகையைப் பார்த்தார். அதில் அவருடைய தெலுங்கு இருந்தது.

“ஈவினிங் ராதா?” மாலையில் வராதா என்று கேட்கிறார்.

இருபத்திரண்டு வினாடி இருந்தது. “காலைலதான். அஞ்சுலருந்து எட்டு. ராஜம்மாக்கா! இருநூத்தாறுக்கு ஒரு பக்கெட் வெந்நி கொடுங்க!” என்று கத்திக்கொண்டே மூன்றாவது ஏரியை இழுத்துப் போட்டாள். நான்கு வினாடி மிச்சம்.

சோபாவில் பிரகாஷ் கையைத் தட்டினான். “மூணு ஏரி! மக்களே, இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன். காலைல நாப்பது பொட்டலம் ஒடச்சது எதுக்குன்னு கேட்டீங்களே? இப்போ பாருங்க. ஏரி ரொம்பிட்டா அப்பறம் அது வறண்ட ஏரி இல்ல, யானை நிக்காது. மழை!”

மழை அட்டை விழுந்தால் திரை முழுக்க நீல நிறம் கொட்டும், இடி இடிக்கும். அந்த வேலைப்பாட்டில் பாதியை விதி எழுதுவதில் காட்டியிருக்கலாம் என்று கனகலதா நினைத்தாள். முதல் ஏரி நிரம்பியது. அவள் ஒன்றும் செய்யாமல், ஓர் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுக்கொடுத்தாள்.

“பையன் ஆடிப் பூட்டான்! பதில் இல்ல! இன்னொரு மழை!”

இரண்டாவது ஏரி. அவள் மறுபடியும் ஒன்றும் செய்யவில்லை. நிறுத்திவிடுவானோ என்று ஒரு கணம் பயந்தாள். வீணான பயம். அவன் மூன்றாவது யானையையும் முன்னால் தள்ளி, மூன்றாவது மழையையும் கொட்டினான். மூன்று ஏரிகளும் கரை தட்ட நிரம்பி நின்றன.

“இப்போ யானை உள்ள போகுது பாருங்க,” என்றான் பிரகாஷ். விரல் திரையில் தேய்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் தேய்த்தான். “இன்னாடா இது... ஹேங் ஆவுதா? அக்கா, நெட்டு கரெக்ட்டா வருதா?”

“வருதே. ரூம்ல எல்லாரும் படம் பாத்துனு இருக்காங்க.”

யானைகள் கரையில் நின்றன. முன்னால் வந்த யானை பின்வாங்க விதியில் இடமில்லை. அவன் கையிருப்பில் பதினொரு அட்டை. மூன்று யானை மூன்றைத் தின்றது. அவன் முறைக்கு எடுத்தது ஒன்று. மிச்சம் ஏழு. அவன் குரலில் இருந்த தடிப்பு இறங்கியது. “ஒரு நிமிஷம் மக்களே, இது ஏதோ பக்கு, கேம்ல கோளாறு.” மூன்று. விளக்கப் பக்கத்தைத் திறந்து இப்போதுதான் படிக்கிறான் என்று அவன் உதடு அசைவதிலிருந்து தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையின் உதடு. “படகா? படகு எங்கடா கீது?” அதற்குள் யானைகள் கடைசி மூன்றையும் தின்றுவிட்டன.

நான்கு நாற்பத்தெட்டு. கனகலதாவின் திரையில் ‘வெற்றி’ என்று வந்தது. சோபாவில் பிரகாஷ் ஹெட்போனைக் கழற்றி வீசினான்.

“விதியை மாத்திட்டானுங்க மக்களே. நைட்டோட நைட்டா விதியை மாத்தி அண்ணனை அடிச்சிட்டானுங்க. அந்தப் பையன் ஒரு மயிரும் புடுங்கல, சும்மாதான் ஒக்காந்துனு இருந்தான்!”

அவளுக்கு எழுந்து நின்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு மாதம் கழித்து அவனே ஓர் ஏரி அட்டையை எடுத்து, அடியில் இருக்கும் பெயரைப் படித்து, த. கனகலதா யார் என்று ஊரெல்லாம் தேடட்டும். பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

திரையில் வெற்றிக்குக் கீழே ஒரு சின்ன வரி ஓடிக்கொண்டிருந்தது. ‘முடிவு சரிபார்க்கப்படுகிறது.’ அது எப்போதும் வரும். இந்த முறை கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு வெற்றி மறைந்தது.

‘விதி 27. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஆடப்பட்டதால் இந்த ஆட்டம் செல்லாது. கனலி, அரண் அண்ணா இருவரும் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார்கள்.’

அதே நேரத்தில் சோபாவிலிருந்து, “இன்னாடா சொல்றான் இவன்? ஒரே இணைப்பா?” என்று கேட்டது. பிரகாஷ் தலையைத் தூக்கினான். வரவேற்பறையில் அவனும், கவுன்டரில் ஒரு பெண்ணும், பக்கெட்டோடு படியேறுகிற ராஜம்மாளும்தான் இருந்தார்கள். அவன் முதலில் ராஜம்மாளைத்தான் பார்த்தான். பிறகு மாடிப்படியை, கதவை, தெருவைப் பார்த்தான். கடைசியாக எழுந்து கவுன்டருக்கு வந்து, பதிவேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தான். டேப்லெட்டில் அதே அறிவிப்பு.

“அக்கா... நீங்களா?”

கனகலதா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“நீங்களா கனலி? இத்தினி நாளா?”

“ஆகஸ்ட் ஒம்போதுனு தேதி போட்டு எழுதினேனே. போயி பாத்தீங்களா?”

“அத்த வுடுங்கக்கா. நான் ஆடறேன்னு தெரிஞ்சும் எனக்கு ஏன் பாஸ்வேர்டு கொடுத்தீங்க? விதியைப் படிக்கலையா நீங்க?”

இந்தக் கேள்வியை இவன் வாயிலிருந்து கேட்க நேர்ந்ததே என்று அவளுக்குக் காது சுட்டது.

“படிச்சேன். ஆபீஸ் லைன் வேற, கெஸ்ட் லைன் வேறனு நீங்கதான சொன்னீங்க? நின்ன எடம்கூட இதுதான்.”

பிரகாஷின் கண் சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டிக்குப் போனது. அங்கிருந்து கதவுச் சட்டத்தின் மேல் ஓடி, மாடிப்படி வளைவில் இருந்த இன்னொரு பெட்டியில் முடிகிற மெல்லிய ஒயருக்கும் போனது. கனகலதாவும் அந்த ஒயரைப் பார்த்தாள். இரண்டு வருடமாகத் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஒயர். மாடியில் பல்பு எரிவதற்கான ஒயர் என்று நினைத்திருந்தாள். நினைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

“பேரு மட்டும்தான்க்கா வேற,” என்றான் பிரகாஷ். “லைன் ஒண்ணுதான்.”

“அப்போ மாசாமாசம் ரெண்டு ரசீது?”

“அக்கா, முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. நான் பேசிக்கறேன்.”

ராஜம்மாள் காலி பக்கெட்டோடு இறங்கி வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாருப்பா ஜெயிச்சது?”

“யாரும் இல்ல ஆயா.”

“ரெண்டு பேரு ஆடி யாருமே ஜெயிக்கலையா? இன்னா கருமம் புடிச்ச ஆட்டம் அது.” பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “கனகாம்மா, மணி அஞ்சாவுது. சாப்புடு, அப்பறம் பொழுது பூடும்,” என்றாள்.

பிரகாஷ் ஸ்டாண்டை மடக்கினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் படகு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பத்தொம்போதாவது விதி. கடைசி வரி.”

“வீடியோ ஏதாச்சும் இருக்கா?”

கனகலதா டிபன் பாக்ஸைத் திறந்தாள். அவன் போய்விட்டான். மூன்று வருடம் அவள் ஒவ்வொரு கால்புள்ளியையும் படித்தாள். கம்பெனியின் வார்த்தையை நம்பவில்லை, ரசிகர்களின் வார்த்தையை நம்பவில்லை, பிரகாஷ் எதைச் சொன்னாலும் பொய்யென்றே எடுத்துக்கொண்டாள். அவன் சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் ஒரு தரமும் நிமிர்ந்து பார்க்காமல் நம்பியிருக்கிறாள். பலகைக்குக் கீழே நின்றுகொண்டு வெந்நீர் கேட்கிற நெல்லூர்க்காரரின் முகம் ஞாபகம் வந்தது. எலுமிச்சைச் சாதம் ஆறிப்போயிருந்தது. ஐந்தே முக்காலுக்கு முன்னால் சாப்பிட்டு முடித்தாள்.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, சகாதேவனிடம் ஒயரைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து வல்லரசு என்பவர் வந்து இரண்டாவது லைன் இழுத்தார். ‘அரண் அண்ணா’ சானலில் ‘பத்தொன்பதாவது விதியில் நான் கண்டுபிடித்த ரகசியம்’ என்ற வீடியோ அக்டோபர் 12 ஆம் தேதி வெளியானது.

நவம்பர் 3 அன்று 14.3 ஆம் விதித்திருத்தம் வந்தது. இருபத்தேழாவது விதி நீக்கப்பட்டது. முந்தைய முடிவுகள் மாற்றப்படவில்லை. பெயர் பொறித்த அட்டைகள் ஏழு வெளியிடப்பட்டன. அவற்றில் வறண்ட ஏரி இல்லை.